மீனும் குறிப்பேடும்

நிலத்தில் வாழும் விலங்குகளை எண்ணிக் கணக்கிடுதல் பெரிதும் அரிதன்று. ஆயன் மாலைக் காலத்தில் தன் மந்தையைப் பட்டியில் அடைக்கும்போது தலையெண்ணிப் பார்க்கிறான். ஒன்று குறைந்தாலும் உடனே அறிந்துகொள்கிறான். காட்டில் திரியும் யானையையும் புலியையும்கூட அடிச்சுவடு முதலிய அடையாளங்களைக் கொண்டு வனத்துறையினர் கணக்கெடுக்கின்றனர். நீருக்குள் வாழும் மீனின் நிலை அத்தகையதன்று. ஆற்றின் மடுவிலோ, ஏரியின் ஆழத்திலோ, கடலின் அடியிலோ எத்தனை மீன்கள் உள்ளன, அவை பெருகுகின்றனவா, அருகுகின்றனவா என்பதைக் கரையில் நிற்பவர் கண்ணாற் கண்டு கூற இயலாது. நீர்ப்பரப்பு என்றும் ஒரே தன்மையாய் விளங்குகிறது. உள்ளே ஓர் இனமே அழிந்துகொண்டிருந்தாலும் மேலே அதற்கு அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை.

ஆதலின், நீருக்குள் நிகழ்வதை அறிய விரும்புவோர்க்கு எளிதிற் கிட்டும் சான்று கரைசேரும் மீனேயாகும். அம் மீனைப் பிடிப்போர் இருவகையினர். ஒருவகையினர் வலையும் படகும் கொண்டு பிழைப்புக்காக மீன் பிடிப்பவர். மற்றொரு வகையினர் ஓய்வு நாளில் தூண்டிலுடன் நீர்க்கரையில் அமர்ந்து பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர். முன்னவர் பிடித்த மீன் துறைக்கு வந்து ஏலத்தில் விற்பனையாகிறது. ஆகவே அதற்கு ஏதேனும் ஒரு கணக்கு இருக்கும். பின்னவர் பிடித்த மீனோ பையில் நுழைந்து வீட்டு அடுப்படியை அடைந்துவிடுகிறது. அல்லது மீண்டும் நீரிலேயே விடப்படுகிறது. அதற்குக் கணக்கில்லை. ஒருவர் தூண்டிலில் பிடிப்பது சிறிது. பல்லாயிரவர் பிடிப்பது சிறிதன்று. எனவே, இவ்வகை மீனையும் துறையிலேயே நிறுத்தி, அளந்து, குறித்துக்கொள்ளும் வழக்கம் உலகின் பல நாடுகளில் தோன்றியுள்ளது.

மீனிடமிருந்து முதலில் பெறத்தக்க செய்தி அதன் நீளம். இதற்குரிய கருவி மிக எளியது. ஒரு முனையில் குறுக்குக் கட்டை பொருத்தி, அளவுகள் பொறித்த பலகை ஒன்றே போதும். மீனின் மூக்கு நுனி கட்டையைத் தொடுமாறு கிடத்தி அளத்தல் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வாலின் கடை நுனி வரையுள்ள அளவு முழுநீளம் எனப்படும். வால் இரண்டாகப் பிரியும் கவை வரையுள்ள அளவு கவைநீளம் எனப்படும். வாலின் நுனி தேய்ந்தோ ஒடிந்தோ போவது உண்டாதலால் சிலர் கவைநீளத்தையே கொள்வர். எதனை அளந்தாலும், இன்னதனை அளந்தேன் என்று எழுதிவைத்தல் இன்றியமையாதது. அவ்வாறு எழுதாவிடில், ஒருவர் அளவை மற்றொருவர் அளவோடு ஒப்பிடுதல் முடியாது.

ஒரு மீனின் நீளம் தனித்து நின்று பெரிதாக எதனையும் உணர்த்தாது. நூறு மீன்களின் நீளம் ஒருங்கே சேர்ந்தால் அது வரலாறாகிறது. ஆண்டுதோறும் பெரிய மீன்கள் குறைந்து வந்தால், அவ்வினம் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்படுகிறது என்று ஐயுறலாம். அதற்கு மாறாகச் சிறிய மீன்கள் காணப்படாமல் பெரியவை மட்டுமே அகப்பட்டால் நிலைமை அதனினும் கொடிது. பெரிய மீன் கிடைக்கிறதே என்று பிடிப்பவர் மகிழக்கூடும். ஆனால், குழந்தைகளே இல்லாத ஊரில் முதியவர் மட்டும் வாழ்வது போன்றது அந்நிலை. அங்கே பிறப்பு நின்றுவிட்டது என்பதே அதன் பொருள்.

நீளத்திற்கு அடுத்து அறிய வேண்டுவது எடை. 20 செ.மீ. நீளமுள்ள மீன் 40 செ.மீ. ஆக வளரும்போது அதன் எடை இருமடங்கு ஆவதில்லை. ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகிறது. நீளத்தோடு அகலமும் பருமனும் இரட்டிப்பதே இதற்குக் காரணம். நீளத்திற்கேற்ற எடை இல்லாத மீன்கள் மிகுதியாகக் காணப்பட்டால், அந்நீரில் இரை குறைந்ததோ, நோய் புகுந்ததோ, நீர் கெட்டதோ என்று ஆராய வேண்டும். குழந்தையின் உயரத்தையும் எடையையும் ஒப்பிட்டு மருத்துவர் அதன் நலத்தை அறிவது போன்றதே இது.

மீனின் வயதை அறிய அதன் உடம்பிலேயே ஏடு அமைந்துள்ளது. மரத்தை அறுத்தால் அடுக்கடுக்கான வளையங்கள் தோன்றுதல் போல, மீனின் செதிலிலும் வளையங்கள் உண்டு. 1898-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹாப்பாயர் என்னும் அறிஞர், கெண்டை மீனின் செதில் வளையங்களைக் கொண்டு அதன் வயதைக் கணக்கிடலாம் என்று காட்டினார். செதிலினும் சிறந்த சான்று செவிக்கல். மீனின் தலைக்குள், செவிப்பகுதியில், சுண்ணாம்புப் பொருளாலான சிறு கற்கள் உள்ளன. உடல் நிலையாக நிற்பதற்கும் ஒலியை உணர்வதற்கும் அவை துணைபுரிகின்றன. மீன் வளர வளர அக்கற்களும் படலம் படலமாக வளர்கின்றன. அவற்றை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியின்கீழ் வைத்தால் படலங்களை எண்ணலாம்.

குளிர்நாட்டு மீன்களில் இவ்வளையங்கள் தெளிவாகத் தோன்றும். குளிர்காலத்தில் மீனின் வளர்ச்சி தடைப்படுவதால் ஆண்டுக்கு ஒரு கோடு அழுத்தமாக விழுகிறது. தமிழ்நாடு போன்ற வெப்பநாட்டு நீர்களில் அத்தகைய கடுங்குளிர் இல்லை. ஆதலால் இங்குள்ள மீன்களில் ஆண்டு வளையம் பல வேளைகளில் மங்கலாகவே இருக்கும். இத்தொல்லைக்கும் ஒரு வழி பிறந்தது. செவிக்கல்லில் நாள்தோறும் மிக நுண்ணிய ஒரு படலம் படிகிறது என்பதை 1971-ஆம் ஆண்டில் பன்னெல்லா என்பவர் எடுத்துக்காட்டினார். அதன் பின்னர் இளமீனின் வயதை நாட்கணக்கிலும் கூறுவது இயல்வதாயிற்று.

மீனின் வயிற்றை அறுத்துத் தூய்மை செய்யும்போது வேறு சில செய்திகளும் கிடைக்கின்றன. அது ஆணா, பெண்ணா, சினை கொண்டுள்ளதா, சினை முதிர்ந்துள்ளதா என்பவற்றை அறியலாம். இவ்வாறு பல மாதங்கள் பார்த்து வந்தால், இன்ன மீன் இன்ன திங்களில் முட்டையிடும், இத்தனை நீளம் எய்திய பின்னரே இனம் பெருக்கும் என்னும் உண்மைகள் விளங்கும். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கத் தடை நிலவுகிறது. மீன்கள் இனம் பெருக்குவதற்கு இடம் தருவதே அத்தடையின் நோக்கம். சினையைப் பார்த்துக் காலத்தைக் குறித்துவைத்த அறிவு இல்லையேல், எத்திங்களில் தடை விதிப்பது என்பதை எவர் அறிவார்? குடலில் உள்ள இரை, மீன் உண்ணும் உணவைக் காட்டுகிறது. மீனை உயிரோடு மீண்டும் நீரில் விட விரும்புவோர், துடுப்பின் ஓரத்தில் நகக்கண் அளவு துணுக்கை மட்டும் கத்தரித்துக்கொள்வர். அதிலிருந்து அம்மீனின் மரபையும் இனத்தையும் ஆய்வுக்கூடத்தில் கண்டறியலாம்.

இவை யாவற்றினும் முதன்மையானதும், பலர் மறந்துவிடுவதும் ஒன்று உண்டு. அதுதான் முயற்சியின் கணக்கு. ஒருநாள் இருபது மீன் அகப்பட்டது, மற்றொரு நாள் பத்து மீன் அகப்பட்டது என்று மட்டும் எழுதினால், மீன் பாதியாகக் குறைந்துவிட்டது என்று தோன்றும். முதல் நாள் பத்துப் பேர் நான்கு மணி நேரமும், மறுநாள் இரண்டு பேர் ஐந்து மணி நேரமும் தூண்டில் இட்டனர் எனக் கொள்வோமாயின் உண்மை தலைகீழாகும். முதல் நாள் 40 மணி நேர முயற்சிக்கு 20 மீன். மறுநாள் 10 மணி நேர முயற்சிக்கு 10 மீன். மறுநாளே மீன் இருமடங்காகக் கிடைத்தது. இதனால், வெறுங்கையோடு திரும்பிய நாளையும் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். வெற்றியை மட்டும் எழுதும் குறிப்பேடு தற்பெருமைக்கு உதவுமேயன்றி அறிவுக்கு உதவாது.

கரைசேரும் மீனைக் கணக்கிடும் பணி இந்தியாவில் நன்கு வேரூன்றியதொன்று. 1947-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அதன் தலைமையிடம் நெடுங்காலம் இராமநாதபுரத்தைச் சார்ந்த மண்டபத்தில் இருந்து, 1971-இல் கொச்சிக்கு மாறியது. நாட்டின் எல்லா மீன்துறைகளிலும் எல்லா நாளும் எல்லாப் படகுகளையும் பார்த்தல் இயலாதன்றோ? எனவே, துறைகளையும் நாட்களையும் படகுகளையும் முறைப்படி தேர்ந்து, அவற்றில் கண்டதைக் கொண்டு முழுமையை மதிப்பிடும் முறையை அந்நிலையத்தார் கையாள்கின்றனர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஆயினும், பானையின் எல்லாப் பகுதியிலிருந்தும் சோற்றை எடுத்துப் பார்த்தால்தான் பதம் தெரியும் என்பது கணக்கியலார் கண்ட உண்மை.

பொழுதுபோக்காகப் பிடிக்கும் மீனைக் கணக்கிடுவதில் அயல்நாடுகள் சில முந்திக்கொண்டன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1979 முதல் கடற்கரைத் துறைகளில் ஆட்கள் நின்று, தூண்டிலாளரை வினவி, மீனை அளந்து குறித்து வருகின்றனர். மேற்கு ஆஸ்திரேலியாவில், தசையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு எலும்புக்கூட்டை மட்டும் தங்களுக்கு அனுப்புமாறு மீன்வளத் துறையினர் மக்களை வேண்டிக்கொண்டனர். மக்களுக்கு வேண்டாத தலையில்தான் அறிஞருக்கு வேண்டிய செவிக்கல் இருக்கிறது. ஒருவர் எறியும் பொருள் மற்றொருவர்க்குக் கருவூலமாயிற்று.

தமிழ்மக்கள் தங்கள் தாயெனப் போற்றும் காவிரியிலும் இத்தகைய கணக்கு ஒன்று எழுதப்பட்டது. அதன் வரலாறு அறிந்துகொள்ளத்தக்கது.

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மகசீர் என்னும் பெருங்கெண்டை வாழ்கிறது. பெரிய செதில்களும், தடித்த உதடுகளும், பாறைகளுக்கிடையே பாயும் வெள்ளத்தை எதிர்த்து நீந்தும் வலிமையும் உடையது அது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய என்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்தியாவில் தூண்டில் இடுதலைப் பற்றி 1873-இல் எழுதிய நூலில் மகசீருக்குச் சிறப்பிடம் தந்தார். காவிரியின் துணையாறாகிய கபினியில் 1946-ஆம் ஆண்டில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம் எடை இருந்தது. இத்துணைப் பெரிய மகசீர்கள் முதுகில் திமில் போன்ற மேடு உடையவை. பொன்னிற மேனியும் செம்மஞ்சள் துடுப்பும் கொண்டவை. உலகில் காவிரியாற்றுத் தொகுதியைத் தவிர வேறெங்கும் அவை இயற்கையாக வாழ்வதில்லை.

கருநாடகத்தில், காவிரிக்கரையில், காலிபோரே என்னுமிடத்தில் தூண்டிலாளர்க்கென ஒரு பாசறை நடைபெற்று வந்தது. பல நாட்டவர் அங்கு வந்து, கேழ்வரகு மா உருண்டையை இரையாகக் கோத்து மகசீருக்குத் தூண்டில் இட்டனர். பிடித்த மீனை எடை பார்த்தபின் உயிரோடு ஆற்றில் விட்டுவிடுதல் அங்கு விதியாக இருந்தது. முன்பு மறைவாக மீன் பிடித்துவந்த உள்ளூரார் சிலர் அப்பாசறையில் வழிகாட்டிகளாகவும் ஆற்றின் காவலர்களாகவும் வேலை பெற்றனர். அங்கே ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் தூண்டில் இடப்பட்டது, எவ்வகை மீன் அகப்பட்டது, அதன் எடை என்ன என்பவை குறிப்பேட்டில் எழுதப்பட்டன. இவற்றை எழுதியவர்கள் ஆராய்ச்சியை எண்ணி எழுதினாரல்லர், வழக்கத்தை விடாமல் எழுதினர், அவ்வளவே.

ஏட்ரியன் பிண்டர் என்னும் ஆங்கிலேய அறிஞரும், கேரளத்தைச் சேர்ந்த இராஜீவ் ராகவனும், அவர்தம் நண்பர்களும் 1998 முதல் 2012 வரையுள்ள குறிப்பேடுகளை எடுத்து ஆராய்ந்தனர். அவ்வாண்டுகளில் மொத்தம் 23,620 மணி நேரம் தூண்டில் இடப்பட்டிருந்தது. 6,161 மகசீர்கள் அகப்பட்டிருந்தன. ஏறக்குறைய நான்கு மணி நேரத்திற்கு ஒரு மீன் என்பது கணக்கு. மிகச் சிறிய மீன் 1 பவுண்டும், மிகப் பெரியது 104 பவுண்டும் எடையுடையவை. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு மணி நேர முயற்சிக்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை உயர்ந்திருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. இளமீன்கள் பெருகி வருகின்றன என்பதே இதன் பொருள். காவலும், பிடித்ததை விட்டுவிடும் விதியும் நற்பயன் தந்தன என்று எவரும் மகிழ்வர்.

ஆனால், குறிப்பேட்டில் மீனின் வகையும் எழுதப்பட்டிருந்தது. அறிஞர்கள் வகைவாரியாகக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. பெருகியவை நீலத்துடுப்பு மகசீர்கள். அவை காவிரிக்கு உரியன அல்ல. வடக்கேயுள்ள ஆறுகளைச் சேர்ந்தவை. மகாராட்டிரத்தில் உலோனாவாலாவில் உள்ள பொரிப்பகத்தில் வளர்த்து, நன்மை கருதிப் பல ஆறுகளில் விடப்பட்ட இனம் அது. காவிரிக்கே உரிய திமில் மகசீரோ ஆண்டுதோறும் அருகி வந்தது. அகப்பட்ட சிலவும் பெரிய மீன்களாகவே இருந்தன. இளமீன்கள் காணப்படவில்லை. முதியவை மட்டும் எஞ்சியிருந்தன, பிறப்பு நின்றுகொண்டிருந்தது. மொத்தக் கணக்கு வளத்தைக் காட்டியது. பிரித்த கணக்கு அழிவைக் காட்டியது. வகை என்னும் ஒரு கட்டம் குறிப்பேட்டில் இல்லாதிருந்தால், ஓர் இனத்தின் மறைவை அதன் அருகில் இருந்தோரும் வளர்ச்சியென்றே எண்ணியிருப்பர்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஒன்றரை நூற்றாண்டாகப் புகழ் பெற்றிருந்த அம்மீனுக்கு உறுதியான அறிவியற் பெயர் அதுவரை இல்லை. 2007-ஆம் ஆண்டில், கேரளத்தில் தோன்றித் தமிழகத்து அமராவதியோடு இணையும் பாம்பாற்றில் கிடைத்த சில சிறு மீன்களுக்கு, சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் இரேமாதேவியின் பெயரால் 'டோர் இரேமாதேவி' என்று பெயரிடப்பட்டிருந்தது. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஓடும் மோயாற்றில் திமில் மகசீர்கள் சில இன்னும் எஞ்சியிருந்தன. அவற்றின் உடலமைப்பையும் மரபுக் கூற்றையும் ஒப்பிட்டு, இரண்டும் ஓரினமே என்று 2018-இல் அறிஞர்கள் நிறுவினர். பெயர் கிடைத்த அதே ஆண்டில் அம்மீன், அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெயரில்லாத உயிரைச் சட்டம் காப்பது அரிது; பெயர் பெற்ற பின்னரே அதனைக் காக்கும் முயற்சிக்கு வழி பிறந்தது.

காலிபோரேயில் தூண்டில் இடுதல் 2012-இல் நின்றது. வனவிலங்குப் புகலிடத்தில் மீன் பிடித்தல் சட்டத்துக்கு முரண் என்பதே காரணம். சட்டத்தின் நோக்கம் உயிர்களைக் காத்தல், அது பழிக்கத்தக்கதன்று. ஆயினும், தூண்டில் நின்றவுடன் குறிப்பேடும் நின்றது. அதன்பின் அவ்விடத்து மீன்களின் நிலையை நாள்தோறும் எழுதிவைப்பார் இல்லாது போயினர். பிடித்தலை நிறுத்தினாலும் பார்த்தலை நிறுத்தலாகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இவ்வரலாறு பெரிய ஆறுகளுக்கு மட்டும் உரியதன்று. திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கனகம்மாசத்திரம். அவ்வட்டாரத்து ஏரிகளுக்கு அண்மையில், கொசத்தலையாற்றைத் தடுத்து 1944-இல் கட்டப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. 1996 முதல் ஆந்திர நாட்டுக் கண்டலேறு அணையிலிருந்து கிருட்டிணையாற்று நீரும் கால்வாய் வழியாக அங்கு வந்து சேர்கிறது. அயல் ஆற்றின் நீரோடு அயல் ஆற்றின் மீனும் வருமா? வந்தால், இவ்வாற்று மீனுக்கு அதனால் கேடு உண்டாகுமா? இவ்வினாக்களுக்கு விடை காணப் பெருஞ் செல்வம் வேண்டுவதில்லை. கரையில் தூண்டில் இடுவோர், உரிய இசைவு பெற்றுத் தாம் பிடித்த மீனின் வகை, நீளம், எடை, நாள், இடம், செலவிட்ட நேரம் என்னும் ஆறனையும் ஆண்டுகள் தவறாது எழுதிவரின் அதுவே விடையாகும்.

மீனை அளப்போர் சில நெறிகளைப் போற்றுதல் வேண்டும். பெரிய மீனை மட்டும் தேர்ந்து அளத்தல் கூடாது. கையில் வந்ததை வந்தபடியே அளக்க வேண்டும். ஊகித்து எழுதுதல் கூடாது. பெயர் தெரியாத மீனுக்கு ஒரு பெயரைத் தாமே கற்பித்து எழுதாமல், அதன் நிறம், துடுப்பு, வடிவம் ஆகியவற்றை எழுதிவைத்தல் நலம். நீரில் விடவேண்டிய மீனை நனைந்த கையால் விரைந்து அளந்து விட வேண்டும். உலர்ந்த கையும் வெயிலும் அதன் மேனியைக் காக்கும் வழவழப்பான படலத்தைக் கெடுத்துவிடும்.

காலிபோரேக் குறிப்பேட்டில் வரி வரியாக எழுதியவர்கள், தாம் எழுதியது ஓரினத்தின் உயிர்ப் போராட்டம் என்பதை அன்று அறியார். ஆயினும், கண்டதைக் கண்டவாறே, நாள் தவறாமல் எழுதினர். அவ்வுண்மையே பின்னாளில் பேசிற்று. மோயாற்றில் எஞ்சியுள்ள திமில் மகசீர்களைக் காக்க முனைவோர்க்கு இன்று கையில் உள்ள ஆதாரங்களுள் அவ்வரிகளும் அடங்கும்.